பால் என்னும் பங்கு

சேர்வராயன் மலையில், மஞ்சக்குட்டை முதலான ஊர்களில் பரவி வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் ஒரு பூர்வீகக் கதை உண்டு. (மலையாளி என்றால் இங்கே மலையை ஆள்பவர், பேசுவது தமிழ்தான், கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டார்கள். மூத்தவரான பெரியண்ணன் சேர்வராயன் மலையில் தங்கினார். நடுவண்ணனுக்குப் பச்சைமலை, சின்னண்ணனுக்குக் கொல்லிமலை. சொல்பவரைப் பொறுத்து விவரங்கள் மாறும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. இதை வரலாறு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை; கதையின் அமைப்பைப் பார்த்தால் போதும். இந்த மலை ஏன் எங்களுக்கு வாய்த்தது என்ற கேள்விக்கு, கடவுள் கட்டளையிட்டார் என்று கதை பதில் சொல்லவில்லை. முற்பிறவியில் செய்த வினையின் பயன் என்றும் சொல்லவில்லை. உடன்பிறந்தவர்களிடையே பிரிந்தபோது எங்கள் பக்கம் வந்தது இது என்கிறது. வாய்ப்பு என்பதை ஒரு பாகப்பிரிவினையாகப் பார்க்கும் பார்வை இது.

கிரேக்கர்களும் இதே அமைப்பில் உலகத்தையே விளக்கினார்கள். ஹோமரின் இலியட் காவியத்தில், 15ஆம் காண்டத்தில், போர்க்களத்தை விட்டு விலகும்படி சீயஸ் தன் தம்பி பொசைடனுக்கு ஆளனுப்புகிறான். தம்பி கொதிக்கிறான். நாங்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர். குலுக்கிப் போட்டுத்தான் பிரித்தோம். எனக்குக் கடல், ஹேடிசுக்குப் பாதாள இருள், சீயசுக்கு விண். மண்ணும் ஒலிம்பஸ் மலையும் மூவருக்கும் பொது. சீயஸ் தன் மூன்றில் ஒரு பங்கோடு இருந்துகொள்ளட்டும் என்பது பொசைடன் வாதத்தின் சாரம். கடைசியில் அவன் பணிகிறான்தான். ஆனால் தன் வாதம் தவறு என்று ஒப்புக்கொண்டு பணியவில்லை. மூத்தவர் பக்கமே பழிவாங்கும் தேவதைகள் நிற்பார்கள் என்று நினைவூட்டப்பட்ட பிறகு, முணுமுணுத்துக்கொண்டே விலகுகிறான். இங்கே 'பங்கு' என்ற இடத்தில் ஹோமர் வைத்திருக்கும் சொல் மொய்ரா. அதே காவியத்தில் ஒரு வீரனின் சாவு நெருங்கும்போது, தேவராலும் தடுக்கலாகாத ஊழைக் குறிப்பதும் இதே மொய்ராதான். ஊழும் பங்கும் ஒரே சொல்லாக இருந்த காலம் அது.

தமிழில் அந்தச் சொல் 'பால்'. இன்று அதைக் கேட்டதும் கறவைப் பால்தான் நினைவுக்கு வருகிறது. இலக்கண வகுப்பு மறக்காதவர்களுக்கு ஐம்பால் நினைவுக்கு வரும்; குறள் படித்தவர்களுக்கு அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால். அவன்பால் அன்பு என்னும்போது பக்கம், திசை. அப்பால், இப்பால் என்பதிலும் அதே பக்கம்தான். கறவைப் பாலை ஒதுக்கிவிட்டால் மீதி எல்லாமே பகுதி, பக்கம், பிரிவு என்ற ஒரே வேரில் கிளைத்தவை. கறவைப் பாலை ஒதுக்கத்தான் வேண்டுமா, குழந்தைக்குத் தாய் தரும் முதல் பங்கு அதுதானே என்று ஒருவர் ஆசைப்படலாம். அழகான ஆசை; ஆனால் சான்று இடம் தரவில்லை. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே கொள்கிறது. கன்னடத்தில் குடிக்கும் பால் 'ஹாலு' ஆகிவிட்டது, பங்கு மட்டும் 'பாலு' என்றே நிற்கிறது. தெலுங்கில் இரண்டுக்கும் 'பாலு' என்ற ஒரே ஒலிதான். ஆனாலும் சொத்தில் தன் 'பாலு' கேட்பவரைப் பால் கேட்பவராக யாரும் நினைப்பதில்லை.

இந்தப் பகுதி என்ற பொருளிலிருந்துதான் ஊழ் என்ற பொருள் வருகிறது. தொல்காப்பியத்தில் அது மிகத் தெளிவாகவே இருக்கிறது. களவியலில் தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது பாலின் ஆணையால் என்கிறார் தொல்காப்பியர். கிளவியாக்கத்தில் இன்னும் சுவையான ஓர் இடம் உண்டு. உயர்திணைப் பொருளைக் குறித்தாலும் ஆண்பால் பெண்பால் என்று பிரிந்து ஒலிக்காமல் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் பத்தை அங்கே அவர் தொகுக்கிறார். காலம், உலகம், உயிர், உடம்பு, ஞாயிறு, திங்கள் போன்றவற்றின் நடுவே 'பால்வரை தெய்வம்' வருகிறது: அவரவர்க்கு உரிய பாலை வரையறுத்துக் கொடுக்கும் தெய்வம். எல்லோருக்கும் பாலை வகுக்கும் அந்தத் தெய்வத்துக்கு இலக்கணத்தில் மட்டும் பால் இல்லை! நூற்பா ஆசிரியர் இதை விளையாட்டாகச் செய்தாரா என்று சொல்வதற்கில்லை. ஆனால் இன்னொன்றைச் சொல்லலாம். அதே பட்டியலில் பால்வரை தெய்வத்துக்கு அடுத்து 'வினை' தனியாக எண்ணப்படுகிறது. பத்து என்ற கணக்கு நிறைய வேண்டுமானால் இரண்டும் இரண்டாகவே இருந்தாக வேண்டும். பங்கு வேறு, வினை வேறு என்ற நினைப்பு இருந்த மொழியில் எழுதப்பட்ட நூல் அது.

திருக்குறளுக்கு வந்தால் ஊழ் அதிகாரத்தின் 376ஆம் குறள் முக்கியம். நமக்குப் பால் அல்லாதவற்றை எவ்வளவு வருந்திக் காத்தாலும் அவை நில்லா. நமக்கு உரியவற்றைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் போகா என்பது அதன் கருத்து. இங்கே 'பால்' என்பதற்கு நேர் எதிரே 'தம', அதாவது தம்முடையவை, என்ற சொல் நிற்பதைப் பார்க்க வேண்டும். பால் என்பது வெறும் விதி என்ற அருவமான கருத்தாக இருந்தால் இந்த எதிர்நிலைக்கு வேலையில்லை. என் பங்கு, என் பங்கு அல்லாதது என்ற உடைமைப் பேச்சு இது. அடுத்த குறளிலேயே கோடி பொருள் தொகுத்தவனுக்கும் வகுத்தவன் வகுத்த வகையால்தான் துய்ப்பு என்று, வகுத்தல் என்ற சொல் அடுக்கி வருகிறது. சோறு வகுப்பதற்கும் நிலம் வகுப்பதற்கும் ஆகும் வினைச்சொல்லே வாழ்வை வகுப்பதற்கும் ஆகியிருக்கிறது.

இது தமிழுக்கும் கிரேக்கத்துக்கும் மட்டும் நேர்ந்த தற்செயலா என்றால், இல்லை. அரபியில் 'கிஸ்மா' என்றால் பிரித்தல், பங்கீடு. அதுதான் பாரசீகம் வழியாக இந்தியில் 'கிஸ்மத்' என்று தலைவிதி ஆயிற்று. 'நஸீப்' இன்னும் நல்ல சான்று. தமிழ் முஸ்லிம் வீடுகளில் நமக்கு நஸீப் அவ்வளவுதான் என்று பெருமூச்சு விடும்போது அது விதி. குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில், பெற்றோர் விட்டுச்சென்றதில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வகுக்கும் வசனத்தில் அதே நஸீப் என்பது அசலான வாரிசுப் பங்கு. வடமொழியில் 'பாகம்' பங்கு, 'பாக்கியம்' நல்லூழ். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதச் சார்பதிவாளர் அலுவலகம் போகிறவரும், பேரன் பிறந்த பாக்கியத்தைச் சொல்லி மகிழ்கிறவரும் ஒரே வேரைத்தான் தொடுகிறார்கள். ரிக்வேதத்தின் ஆதித்தர்களில் ஒருவன் பெயர் பகன், இன்னொருவன் பெயர் அம்சன்; இரண்டுக்கும் பொருள் பங்கு. ரஷ்யர்கள் கடவுளைச் சொல்லும் 'போக்' இந்தப் பகனுக்கு உறவு; பணக்காரன் அங்கே 'பகாத்தி', வறியவன் 'உபோகி', அதாவது பங்கற்றவன். சீனத்தில் 'ஃபன்' என்ற எழுத்து பிரித்தலைக் குறிக்கும் கோடுகளின் கீழே ஒரு கத்தி; அதுவே பங்கு என்றும், ஒருவருக்கு வாய்த்த நல்வாய்ப்பு என்றும், இருவர் சந்திக்கக் கூடிவந்த ஊழ் என்றும் கூட்டுச் சொற்களில் பொருள் விரிகிறது.

எபிரேயத்தில் இது வேறொரு வழியில் திரும்புகிறது. இஸ்ரயேல் குலங்களுக்கு நிலம் சீட்டுப் போட்டுப் பிரிக்கப்பட்டபோது, லேவியருக்கும் ஆரோனின் குருகுலத்துக்கும் நிலப்பங்கு இல்லை. நானே உன் பங்கு என்று ஆரோனிடம் கடவுள் சொல்வதாக எண்ணாகமம் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. சீட்டு, பங்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல் 'கிளேரோஸ்'. குருமார் வர்க்கத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயர் அதிலிருந்து வந்தது. குருமார் கடவுளின் பங்கு, அல்லது கடவுள் அவர்களின் பங்கு, அதனால்தான் இந்தப் பெயர் என்று புனித ஜெரோம் ஒரு கடிதத்தில் விளக்குகிறார். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஊர்த் திருச்சபையையே 'பங்கு' என்கிறார்கள், அதன் குருவைப் 'பங்குத்தந்தை' என்கிறார்கள். சேர்வராயன் மலையின் ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர் தம்மை இந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்று சொல்லும்போது அவருக்கு ஜெரோம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு தடையை இங்கேயே எதிர்கொள்ள வேண்டும். சொல்லின் வேர் சொல்லின் பொருள் ஆகாது. ஆதியில் எப்படி இருந்தால் என்ன, இன்று விதி என்றால் விதிதானே என்று மொழியியலார் கேட்பார்கள். சரியான கேள்வி. வேரை மட்டும் வைத்து யாரும் தத்துவம் கட்டக் கூடாது. ஆனால் இங்கே சான்றாக வைப்பது மறைந்துபோன வேரை அல்ல, ஒரே காலத்தில் ஒரே வாயில் புழங்கிய இரண்டு பொருள்களை. நஸீப் சட்டத்திலும் இருக்கிறது, பெருமூச்சிலும் இருக்கிறது. மொய்ரா கடல் பங்கிலும் இருக்கிறது, சாவிலும் இருக்கிறது. பால் ஒரே குறளில் உடைமையோடு எதிர்நின்று ஊழாகவும் நிற்கிறது. பேசியவர்கள் இரண்டையும் அறிந்தே பேசினார்கள்.

இன்னொரு தடை ஒலி ஒற்றுமை பற்றியது. தமிழில் பகு, பகிர், பகல், பங்கு, பாதி, பால் என்று ஒரு பெரிய குடும்பம். வடமொழியில் பஜ், பாகம், பகன், பகவான் என்று ஒரு குடும்பம். சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்த தேவநேயப் பாவாணர், முதற்குறளின் 'பகவன்' தமிழ்ச்சொல்லே, பகுத்தளிப்பவன் என்பதே அதன் பொருள் என்று வாதிட்டார். ஒப்பியல் மொழிநூலார் இதை ஏற்பதில்லை. ஈரானியத்திலும் சிலாவியத்திலும் பகனின் உறவுகள் இருப்பதால் அது இந்தோ ஐரோப்பியக் குடும்பத்துச் சொல் என்பார்கள். அவர்கள் பக்கம்தான் சான்று வலுவாக இருக்கிறது. ஆனால் பாவாணர் தோற்றால் என் வாதம் தோற்காது, வலுக்கத்தான் செய்யும். ஒரு மொழி இன்னொன்றிடம் கடன் வாங்கியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே சாட்சி. உறவில்லாத இரண்டு குடும்பங்கள் தனித்தனியே பங்கு என்ற சொல்லைப் போய் ஊழுக்கு வைத்திருந்தால் சாட்சிகள் இரண்டு. திராவிடம், இந்தோ ஐரோப்பியம், செமிட்டியம், சீனம் என்று நான்கு குடும்பங்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பகவன் என்பதற்குப் பாவாணர் தந்த பொருள் மட்டும், சொல் யாருடையதாக இருந்தாலும், சரியாகவே இருக்கிறது என்பது வேடிக்கை.

அப்படியானால் ஊழைப் பங்காக நினைப்பதால் என்ன வருகிறது? முதலில், பங்கு என்று சொன்னாலே பிரிக்கப்பட்ட ஒரு முழுமை இருக்கிறது, மற்றப் பங்காளிகள் இருக்கிறார்கள். தனி ஆள் ஒருவனுக்குப் பங்கு இருக்க முடியாது. என் வாழ்வு எனக்கு வாய்த்தது என்றால் அதே கணத்தில் இன்னொருவருக்கு வேறொன்று வாய்த்தது என்று ஆகிறது. இதிலிருந்தே எல்லை என்ற அறமும் பிறக்கிறது: தன் பங்குக்கு மேல் எடுப்பவன் மற்றொருவருடையதைத்தான் எடுக்கிறான். கிரேக்கத்தில் அளவு கடந்தவனைத் துரத்தும் தேவி நெமெசிஸ்; அந்தப் பெயரும், சட்டத்தைக் குறிக்கும் 'நோமோஸ்' என்ற சொல்லும் பகிர்ந்தளித்தல் என்ற ஒரே வினையடியிலிருந்து வந்தவை. கொல்லாமை அதிகாரத்தில் வள்ளுவர், கிடைத்ததைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களையும் காப்பதை நூலோர் தொகுத்த அறங்கள் அனைத்திலும் தலையானதாக வைக்கிறார். உயிர்க்கொலையைப் பற்றிய அதிகாரத்தில் உணவுப் பங்கீடு ஏன் வருகிறது என்று வியப்பவர்களுக்கு இந்தப் பார்வை விடை தரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விளைவு, பங்கைப் பற்றிக் கேள்வி கேட்கலாம் என்பது. பிரித்தது சரியா? யாராவது விட்டுப்போனார்களா? தக்கன் வேள்விக் கதை முழுவதும் இந்தக் கேள்விதான். எல்லாத் தேவருக்கும் அவிப்பாகம் வைத்த தக்கன் சிவனுக்கு மட்டும் வைக்கவில்லை. விளைவு, வேள்வியை அழித்த வீரபத்திரர்; தமிழில் ஒட்டக்கூத்தர் தக்கயாகப்பரணி பாடும் அளவுக்கு அது பெருங்கதை. அந்த அழிவில் கண்ணிழந்தவன் யார் என்று பாருங்கள்: பங்கின் தேவனான பகன். பகன் குருடன் என்று, வேதச் சொற்களை விளக்கும் யாஸ்கரின் நிருக்தமே சொல்கிறது. பங்கிடும் தெய்வத்துக்குக் கண் இல்லை என்பதை ஒரு குற்றச்சாட்டாகவும் படிக்கலாம், முகம் பார்த்து வைக்காத நடுவுநிலைமை என்றும் படிக்கலாம். இரண்டில் எது என்று கதை தீர்த்துச் சொல்லாததுதான் அதன் பலம்.

பின்னாளில் இந்தக் கேள்வி அடைபட்டது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஊழ் அதிகாரத்தின் வாயிலில், இருவினைப் பயன் செய்தவனையே சென்று சேர்வதற்குக் காரணமான நியதியே ஊழ் என்று வரையறுத்து, ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி ஆகிய ஏழையும் ஒருபொருட் சொற்கள் என்று கட்டிவிடுகிறார். தொல்காப்பியர் வினைக்குப் பக்கத்தில் தனியாக வைத்த பாலுக்கு இங்கே வினைதான் பொருள். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய சேனாவரையரும் பால்வரை தெய்வத்தை, இன்ப துன்பங்களுக்குக் காரணமான இருவினையை வகுப்பது என்று விளக்குகிறார். பக்கத்தில் இருக்கும் 'வினை' அப்போது உபரியாகிவிடுவதால் அதற்கு அறத்தெய்வம் என்று வேறு பொருள் தேட வேண்டியிருக்கிறது. உரைகாரர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் காலத்தில் வினைக்கொள்கை காற்றைப்போல எங்கும் நிறைந்திருந்தது. ஆனால் ஏழு சொற்களும் ஒன்றே என்பது அகராதிச் செய்தி அல்ல, ஒரு தத்துவ முடிவு. முறை என்பது ஒழுங்கு. விதி என்பது விதித்தல். ஊழ் முதிர்ந்து வருவது. பால் பங்கு. ஒவ்வொன்றும் வாழ்வைப் பற்றி வேறொன்று சொல்கிறது.

வேதாந்தத்தில் இந்த மாற்றம் வாதமாகவே நடந்தது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் எதிர்ப்பு எழுப்பப்படுகிறது: ஒருவனுக்கு இன்பம், ஒருவனுக்குத் துன்பம் என்று உலகைப் படைத்தவன் பாரபட்சம் உள்ளவன், இரக்கமற்றவன் ஆகிறானே? சமமின்மை என்ற இந்தக் குற்றச்சாட்டு முழுக்க முழுக்கப் பங்கின் மொழியில் எழுப்பப்பட்டது. பந்தியில் பாயசம் எனக்கு மட்டும் ஏன் குறைந்தது என்று கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. சூத்திரம் தரும் விடை, இறைவன் அவரவர் வினையை நோக்கியே கொடுக்கிறான் என்பது. முதல் படைப்பின்போது வினை ஏது என்று அடுத்த கேள்வி. வினைக்குத் தொடக்கமே இல்லை என்று அடுத்த விடை. சைவ சித்தாந்தமும், வினை அறிவற்றது, அது தானே போய்த் தன்னைச் செய்தவனைச் சேராது, ஆகவே பயனைக் கூட்டுவிக்க ஒருவன் வேண்டும் என்று வாதிட்டு இறைவனை நிறுவுகிறது. கொடுப்பவன் இருக்கிறான், ஆனால் அவன் இப்போது பங்கு பிரிப்பவன் அல்ல, ஏட்டைப் பார்த்துப் பட்டுவாடா செய்பவன். என்ன கொடுப்பது என்பது முன்பே எழுதியாயிற்று.

இதுதான் நேர்மையான தீர்வு என்று வினைக்கொள்கையை ஏற்பவர் சொல்லலாம். இந்தத் தடையை எளிதாகத் தள்ள முடியாது. பங்கு என்றால் ஏன் இவனுக்கு இது என்பதற்குக் காரணமே இல்லை. சீட்டுக் குலுக்கலில் விழுந்தது, அவ்வளவுதான். வினையோ காரணம் சொல்கிறது. உழைக்காமல் வந்தது, தகுதியின்றி வந்தது என்று ஒன்றுமே இல்லை என்கிறது. இன்று நல்லது செய்தால் நாளை நல்லது என்று செயலுக்கும் ஊக்கம் தருகிறது. அறிவுக்கு எது நிறைவு? வினைதான். ஆனால் அநீதி என்ற பிரச்சினையை அது தீர்ப்பது, அநீதி என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்வதன் மூலம்தான். பசித்த குழந்தையின் பசி அதன் பழைய கடன் ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக் களஞ்சியத்துக்கும் அந்தப் பசிக்கும் தொடர்பு அறுந்துபோகிறது, ஏனென்றால் கணக்கேடு ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பங்கு காரணம் சொல்லாது, உண்மைதான். காரணம் சொல்லாததால்தான் குறைந்த பங்கு பெற்றவனைக் குற்றவாளி ஆக்காமலும் இருக்கிறது. விளக்கம் குறைவாக உள்ள கொள்கை சில நேரம் நியாயம் கூடுதலாக உள்ள கொள்கையாக இருக்கும்.

பங்கு என்ற பார்வைக்கும் ஒரு பெரிய ஆபத்து உண்டு. மனிதர்கள் பிரித்ததைத் தெய்வம் பிரித்தது என்று சொல்லிவிட அது மிக வசதியானது. சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்ளலாம். பெரியண்ணன் கதை ஒரு பிரிவினை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த பிறகு எஸ்டேட் எஸ்டேட்டாக எழுந்த வேலிகள் இன்னொரு பிரிவினை. 1882-இன் சென்னை வனச் சட்டம் கோடு கிழித்துக் காட்டைச் சர்க்காரின் பங்கு ஆக்கியது மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்று மட்டும்தான் கதையாகச் சொல்லப்படுகிறது. மற்ற இரண்டுக்கும் கையெழுத்தும் தேதியும் உண்டு. பழங்குடிப் பட்டியலிலும் பாருங்கள்: சேலம், தருமபுரி உள்ளிட்ட குறிப்பிட்ட மாவட்டங்களின் மலையாளிகளுக்கு மட்டும் அதில் இடம், ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகள் அந்த இடத்துக்காகப் பல்லாண்டுகள் கோரிக்கை வைத்து வந்திருக்கிறார்கள். எந்தத் தெய்வமும் மாவட்ட எல்லையை வரையவில்லை. ஆனால் இந்த ஆபத்துக்கு மருந்தும் அதே சொல்லில்தான் இருக்கிறது. பங்கு என்று ஒப்புக்கொண்ட மறுகணம், பிரித்தவர் யார், எப்போது, எந்தக் கணக்கில் என்ற கேள்விகள் எழுந்தே தீரும். 2006-இன் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோருக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதி என்று தன் முகவுரையிலேயே பேசுகிறது. முன்வினை என்று நம்புகிறவர்கள் அப்படி ஒரு முகவுரை எழுதத் தேவையில்லை. பங்கு தவறாகப் பிரிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் அது வேண்டும்.

பால் என்ற சொல் ஊழ்ப் பொருளில் வழக்கொழிந்துவிட்டாலும் நினைப்பு ஒழியவில்லை. எறும்புக்கும் படியளக்கிறவன் நமக்கு அளக்கமாட்டானா என்று தமிழ் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். மரக்காலும் படியும் வைத்துக் கூலி அளந்த களத்துமேட்டின் கடவுள் அவன். எனக்குக் கொடுப்பினை இல்லை என்பார்கள். மதுரையில் மார்கழித் தேய்பிறை அட்டமியன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் சப்பரத்தில் வீதி உலா வரும்போது, உயிர்களுக்கெல்லாம் படியளக்கும் நாள் என்று அரிசியைத் தெருவில் தூவிக்கொண்டு போகிறார்கள். அந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டு போகும் யாரிடமும், போன பிறவியில் என்ன செய்தாய் என்று கேட்பதில்லை.

கடைசித் தடை வள்ளுவரிடமிருந்தே வரலாம். ஊழைவிட வலியது எது என்று கேட்டு அறத்துப்பாலை முடித்தவர் அவர். அவரைப் போய்க் கேள்வி கேட்கும் உரிமைக்குச் சாட்சி ஆக்கலாமா? ஆக்கலாம். பொருட்பாலில் இரவச்சம் என்ற அதிகாரத்தின் 1062ஆம் குறளில், பிச்சை எடுத்துத்தான் உயிர்வாழ வேண்டும் என்று ஒருவனுக்கு நேருமானால் இந்த உலகத்தை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்று அவரே சபிக்கிறார். இரப்பவன் தன் வினையால் இரக்கிறான் என்றால் இந்தச் சாபம் பொருளற்றது. கணக்கேட்டைப் பார்த்துக் கொடுத்தவனைச் சபித்து என்ன பயன்? வகுத்தவன் ஒருவன் இருந்து, அவன் வகுத்ததில் ஒருவனுக்கு இலை போடாமலே விட்டிருந்தால்தான் சாபத்துக்குப் போக்கிடம் உண்டு. என் பங்குக்கு மேல் எனக்கு நிலைக்காது என்று அடங்கும் 376-உம், பங்கே வைக்காதவன் கெடுக என்று சீறும் 1062-உம் அப்படிப் படித்தால் ஒன்றோடொன்று மோதவில்லை.